ஒட்டிய டெர்மினல் அவுட்புட்டில் தப்பான நிறம் எங்கிருந்து வருகிறது?

(திரை: இருட்டான அறை, லேப்டாப் வெளிச்சம் மட்டும்)

பெங்களூரு மாரத்தஹள்ளியில் பிஜியில் இருந்தபோது நடந்தது இது. என்னோடு வேலை பார்த்த கோயம்புத்தூர்த் தம்பி ராத்திரி 11 மணிக்கு, "அண்ணா, சர்வர் எந்திரிக்கவே மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்களேன்" என்று டெர்மினலில் (கட்டளைகளை டைப் செய்யும் திரை) வந்த எரரை மொத்தமாக காப்பி பண்ணி சாட்டில் ஒட்டினான். பாதிக்கு மேல் பச்சை. பச்சை என்றாலே கண் தாண்டிப் போய்விடுகிறது, மேலே இருந்த நாலு வரியையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பச்சைக்குள்தான் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' இருந்தது. டிஸ்க் நிரம்பியிருந்தது, அவ்வளவுதான்.

(திரை: எஸ்கேப் குறியீடு)

டெர்மினலில் நிறம் போடுவது அங்கே ஓடும் புரோகிராம்தான். எஸ்கேப் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து (ஆஸ்கி எண் 27), ஒரு திறக்கும் சதுர அடைப்பு, 31, எம் என்று அனுப்பினால் எழுத்து சிவப்பாகும். மவுஸால் இழுத்து காப்பி செய்தால் பெரும்பாலும் எழுத்து மட்டும்தான் வரும், நிறம் அங்கேயே தங்கிவிடும்.

ஒட்டிய இடத்தில் ஹைலைட்டர், அதாவது கோடுக்கு நிறம் போட்டுக் காட்டும் மென்பொருள், புதிதாக நிறம் பூசுகிறது. 2006-இல் இவான் சகலாயேவ் தொடங்கிய ஹைலைட்.ஜேஎஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். என்ன புரோகிராமிங் மொழி என்று நாம் சொல்லாவிட்டால், தன்னிடம் இருக்கும் ஒவ்வொரு மொழியின் இலக்கணத்திலும் ஓட்டிப் பார்த்து மார்க் போடும், அதிக மார்க் வாங்கிய மொழி ஜெயிக்கும். ஆனால் டெர்மினல் அவுட்புட் எந்த மொழியும் இல்லையே! எரரில் சாதாரணமாக வரும் 'ஃபார்', 'இஃப்' எல்லாம் கீவேர்டு, அதாவது அந்த மொழியின் கட்டளைச் சொல், என்று மார்க் வாங்கிவிடும்.

எங்களுக்கு வினையானது 'கான்ட் ஓபன்' என்ற வரியில் இருந்த ஒரே ஒரு சிங்கிள் கோட். ஷெல்லில் (டெர்மினல் கட்டளைகளின் மொழி) அது ஸ்ட்ரிங்கின், அதாவது மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடரின், தொடக்கம், அடுத்த சிங்கிள் கோட் வரும்வரை எத்தனை வரி போனாலும் ஸ்ட்ரிங்தான், எங்கள் சாட்டின் நிற அமைப்பில் ஸ்ட்ரிங் பச்சை. இதைவிட எனக்குக் கோபம் வருவது இன்னொன்றில்: ரூட் (அட்மின்) பயனரின் ப்ராம்ப்டாக, அதாவது கட்டளைக்கு முன்னால் டெர்மினல் காட்டும் குறியாக, வரியின் முதலில் வெறும் ஹேஷ் குறி இருந்தால், அதை கமென்ட் (ஓடாத குறிப்பு வரி) என்று எடுத்துக்கொண்டு நீங்கள் அடித்த கட்டளையையே மங்கலாக்கிவிடும். உதவ வருபவர் முதலில் படிக்க வேண்டியதே அந்த வரிதான்.

சரி, என்ன செய்வது? ஒட்டுவதற்கு முன் மூன்று பேக்டிக் (` குறி) போட்டதும் அதே வரியில் ஆங்கிலத்தில் டெக்ஸ்ட் என்று எழுதுங்கள். கட்டளையும் அவுட்புட்டும் கலந்திருந்தால் கன்சோல் என்று எழுதுங்கள், ஹைலைட்.ஜேஎஸ், இன்னொரு ஹைலைட்டரான பிக்மென்ட்ஸ் இரண்டுக்கும் அந்தப் பெயர் தெரியும், ப்ராம்ப்ட் உள்ள வரியை மட்டும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

(திரை: தம்பியின் அதே எரர், டெக்ஸ்ட் போட்டு ஒட்டியது. எல்லா வரியும் ஒரே நிறம்)