படுக்கும் உயரம் எவ்வளவு?

விழாத் தலைவர் அவர்களே, வரும் வழியெல்லாம் "பத்தே நிமிஷம்தான்" என்று எனக்கு நினைவூட்டிய செயலாளர் அவர்களே, முன்வரிசை மருத்துவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் இளைஞர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

உயரமான மலைக்குப் போகிறவர்களுக்குக் காற்றழுத்தம், ஆக்சிஜன், மருந்து என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அதற்கு முன் என் வழக்கமான பழமொழி: பதறாத காரியம் சிதறாது.

மலை மேலே ஆக்சிஜன் குறைவு என்கிறோம். ஆனால் காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையிலும் 21 சதவீதம், எவரெஸ்ட் உச்சியிலும் 21 சதவீதம். குறைவது அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரச அளவு. 5,500 மீட்டரில் அதில் பாதி. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. ஆக்சிஜனை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளுவது அழுத்தம்தான். சரக்கு இருக்கிறது, தள்ளத்தான் ஆளில்லை.

1875 ஏப்ரலில் பிரான்சில் ஜெனித் என்ற பலூனில் மூன்று பேர் ஏறினார்கள்: திசாந்தியே, சிவெல், குரோசே ஸ்பினெல்லி. வெறுங்கையோடு போகவில்லை, ஐயா! ஆக்சிஜன் கலந்த காற்றைப் பைகளில் அடைத்துத் தலைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்கள். காற்றழுத்தத்தை ஆராய்ந்த போல் பேர் என்ற விஞ்ஞானி, "இது போதாது" என்று கடிதம் எழுதினார். கடிதம் வருவதற்குள் பலூன் கிளம்பிவிட்டது. ஏழாயிரம் மீட்டரைத் தாண்டியதும் இன்னும் மேலே போகலாமா என்று ஒரு கேள்வி. போகலாம் என்றார்கள். மணல் மூட்டையின் கயிற்றை அறுத்தார் சிவெல். பலூன் விர்ரென்று ஏறியது. ஆக்சிஜன் பையின் குழாய் எட்டும் தூரத்தில்தான், கை எழவில்லை. எட்டாயிரம் மீட்டர் என்று கத்த நினைத்தார் திசாந்தியே, நாக்கு புரளவில்லை. பயந்தாரா? இல்லை, மனதுக்குள் ஒரே ஆனந்தமாம்! மயங்கி விழுந்து, விழித்துப் பார்த்தால் மற்ற இருவரும் பிணம். பிழைத்தவருக்கும் காது போனது. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் கெடுவது ஆபத்தை உணரும் புத்திதான். "எனக்கொன்றும் இல்லை" என்று மலையில் சிரிப்பவரை நான் நம்புவதே இல்லை.

பலூன்காரருக்கு உடம்பு பழக அவகாசமில்லை. நமக்கு உண்டு. மேலே போனதும் மூச்சு வேகமாகும், கரியமிலவாயு கூடுதலாக வெளியேறும், ரத்தம் அமிலத்தன்மை குறைந்து காரப்பக்கம் சாயும். சிறுநீரகம் அதைச் சரிக்கட்டச் சில நாள் கேட்கும். கொடுங்களேன்! பதறாத காரியம் சிதறாது.

அதனால்தான் ஊர் ஊராக மனு தூக்கி அலைகிறேன். ஒவ்வொரு மலைப் பயணத் திட்டத்திலும் அன்றன்று இரவு படுக்கும் இடத்தின் உயரத்தை அச்சிட வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு. எனக்கு ஒருமுறை கொடுத்த திட்டத்தில் காலைச் சிற்றுண்டி வரை அச்சிட்டிருந்தார்கள், உயரம் மட்டும் இல்லை! இரண்டாம் இரவு தலைவலியும் வாந்தியுமாகக் கிடந்தேன். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்; உடனே கீழே இறக்குங்கள்.

மூன்றாவதாக மருந்து... தலைவர் மணியடித்துவிட்டார். முன்வரிசையில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். மனு வாசல் மேஜையில் இருக்கிறது. பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள். வணக்கம்.