போஸ்ட் ரெஸ்டான்ட் மேசையிலிருந்து

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முதுகில் ஆளுயர மூட்டையைச் சுமந்துகொண்டு, ரயில் நிலைய நடைமேடையில் கால அட்டவணையை அண்ணாந்து பார்த்தபடி நின்ற வெளிநாட்டு இளைஞர்களை, ஐம்பது வயதைக் கடந்த நேயர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். 1970-களிலும் 1980-களிலும் நம் ஊர்களில் அவர்கள் அனைவருக்கும் ஒரே பெயர்தான் வழங்கியது: ஹிப்பி. தாடி வளர்த்துக் காவி கட்டியவரும் ஹிப்பி. செவிலியர் பணியில் ஓராண்டு விடுப்புப் பெற்றுச் சேமித்த பணத்தில் நாடு பார்க்க வந்த பெண்ணும் ஹிப்பி. சென்னையில் ஒரு தலைமை அஞ்சலகத்தில் பல ஆண்டுகள் எழுத்தராகப் பணியாற்றிய எனக்கு, அவர்கள் முதலில் பெயர்களாகவும் பிறகே முகங்களாகவும் அறிமுகமானார்கள். நான் உட்கார்ந்திருந்த இடம் போஸ்ட் ரெஸ்டான்ட் மேசை.

இளைய நேயர்களுக்காக அந்த மேசையைப் பற்றிச் சற்று விளக்கிவிடுகிறேன். நிலையான முகவரி இல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுத வேண்டுமானால், உறையின் மேல் அவருடைய பெயரையும், அதன்கீழ் 'போஸ்ட் ரெஸ்டான்ட்' என்ற சொல்லையும், ஊர்ப் பெயரையும் எழுதினால் போதும். கடிதம் அந்த ஊர் அஞ்சலகத்தில் தங்கியிருக்கும். உரியவர் நேரில் வந்து பாஸ்போர்ட்டைக் காட்டிப் பெற்றுக்கொள்வார். குறிப்பிட்ட காலத்துக்குள் வராவிட்டால், அது அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். இந்த விதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். உரையின் முடிவில் இதற்கு மீண்டும் வருவேன்.

வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புக்குப் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. அதனால் வீட்டைவிட்டுப் புறப்படும்போதே, ஜனவரியில் டெல்லி, பிப்ரவரியில் காசி, மார்ச்சில் சென்னை என்று ஒரு பட்டியலைப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டு வருவார்கள். மகள் இன்னும் போய்ச் சேராத ஊருக்குத் தாய் கடிதம் எழுதுவார். மகள் வரும்வரை அந்தக் கடிதத்துக்கு நாங்கள்தாம் காவல்.

அவர்கள் வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 'இந்தியாமேன்' என்ற பெயருடைய பேருந்து ஒன்று, ஓர் ஆளுக்கு 85 பவுண்டு கட்டணத்தில் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அதற்குப் பின் வந்த இருபது ஆண்டுகளில், இஸ்தான்புல், தெஹ்ரான், ஹெராத், காபூல், கைபர் கணவாய், பெஷாவர், லாகூர், அமிர்தசரஸ் என்று தரை வழியாகவே ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குள் வந்தார்கள். ஊருக்கு ஊர் அவர்கள் கூடும் இடங்கள் இருந்தன: டெல்லியில் பகார்கஞ்ச், கல்கத்தாவில் சடர் தெரு, கோவாவில் அஞ்சுனா கடற்கரை, காத்மாண்டில் ஜோச்சென் தெரு. 1979-இல் ஈரானில் புரட்சி நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. தரை வழி அத்துடன் அடைபட்டது. அதன்பின் வந்தவர்களில் பெரும்பாலோர் விமானத்தில் வந்து இறங்கியவர்கள். அந்த வேறுபாட்டை என் மேசையிலிருந்தே நான் கண்டேன். மாதக்கணக்கில் சாலையில் வந்தவர், வரிசையில் நிற்பதைப் பொருட்படுத்த மாட்டார். விமானத்தில் வந்தவருக்கு அந்தப் பொறுமை கைகூட ஒரு மாதமாவது ஆகும்.

பணி ஓய்வுக்குப் பின் நான் மாமல்லபுரத்தில் குடியேறினேன். அன்று இருபது வயதில் வந்தவர்கள், இன்று எழுபது வயதில் துணைவரோடும் பேரப் பிள்ளைகளோடும் அங்கே மறுபடியும் வருகிறார்கள். அவர்களோடு அமர்ந்து பேசுவதுதான் இப்போது என் மாலைப் பொழுது. எதை நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், தாஜ்மகாலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, ரயில் பெட்டியின் வாசலில் ஒட்டியிருந்த முன்பதிவுத் தாளில் தம்முடைய பெயரைத் தேடியதைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறார்கள். காசியில் மண் குவளையில் குடித்த தேநீர், நிலையத்தின் ஓய்வறையில் நள்ளிரவில் கேட்ட நீராவி எஞ்சினின் பெருமூச்சு, ஒரு டாலருக்கு ஏறத்தாழ 8 ரூபாய் கிடைத்த நாளில் வங்கியில் பயணக் காசோலையை மாற்ற ஒரு முற்பகல் முழுவதும் காத்திருந்தது, இவைதாம் மேலே வருகின்றன. ஒரு சுருளில் 36 படங்கள்தாம் எடுக்க முடியும். ஆறு மாதப் பயணத்துக்கு ஏழெட்டுச் சுருள்களே கையில் இருக்கும். ஆகவே, படம் பிடிக்காமல் விட்டவற்றை அவர்கள் கண்ணால் உற்றுப் பார்த்தார்கள். பார்த்ததை அன்றிரவே கடிதத்தில் எழுதினார்கள். அந்தக் கடிதங்களைப் பெற்றோர் பெட்டியில் பூட்டி வைத்துப் பாதுகாத்தார்கள். அன்றைய இந்தியாவின் எளிய வாழ்க்கையைப் பற்றிய எவ்வளவோ செய்திகள் அந்தப் பெட்டிகளில் இருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். இட்லி என்ன விலை விற்றது, விடுதி அறையில் எந்த நிற விளக்கு எரிந்தது என்றெல்லாம் நாம் எழுதி வைக்கவில்லை, அவர்கள் எழுதினார்கள்.

அவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்லும் நினைவு ஒன்றுண்டு. எந்த நாடு, பெயர் என்ன, திருமணம் ஆகிவிட்டதா, குழந்தைகள் எத்தனை, சம்பளம் எவ்வளவு என்று ரயிலில் எதிரே அமர்ந்தவர்கள் கேட்ட கேள்விகள்தாம் அது. தொடக்கத்தில் அது அவர்களுக்குத் தொல்லையாக இருந்திருக்கிறது. நம் வழக்கத்தில், எதிரே இருப்பவரிடம் ஒன்றும் கேட்காமல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதுதானே மரியாதைக் குறைவு? கேள்வி கேட்டவர்தாம் அடுத்த நிலையத்தில் அவர்களுக்கும் சேர்த்துப் புளியோதரையைப் பகிர்ந்தார் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள்.

இனி, எனக்கு மிகவும் பிரியமான செய்திக்கு வருகிறேன். அஞ்சலக வாசலில், வேப்ப மரத்தடியில், பார்சல் தைப்பவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்நாளில் வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்ப வேண்டுமானால், அதைத் துணியில் வைத்துத் தைத்து, தையலின் மேல் அரக்கு முத்திரை இட வேண்டும். பயணி ஒருவர் வெண்கல விளக்கு, கைத்தறிப் போர்வை, மாமல்லபுரத்தில் வாங்கிய சிறிய கல் பிள்ளையார் என்று எதைக் கொண்டுவந்தாலும், அவர் முதலில் அதைக் கையில் எடுத்து எடையைப் பார்ப்பார். உடையும் பொருளா என்று சைகையால் கேட்பார். வைக்கோலும் பழைய செய்தித்தாளும் திணித்து அட்டைப் பெட்டியில் அடக்குவார். பிறகு காடாத் துணியைப் பெட்டியின் மேல் விரித்து, அளவுகோல் இல்லாமல், விரல் கடையால் அளந்து வெட்டுவார். கோணி ஊசியும் தடித்த நூலுமாக அவர் தைக்கும் தையல், பெட்டியோடு தோல் போல ஒட்டிக்கொள்ளும். மூலை மடிப்பில் ஒரு சுருக்கம்கூட விழாது. அதன்பின் மெழுகுவத்தியின் சுடரில் சிவப்பு அரக்கை உருக்கி, தையலின் மேல் விரற்கடைக்கு ஒன்றாகச் சொட்டுவிட்டு, ஒவ்வொரு சொட்டின் மீதும் முத்திரையை அழுத்துவார். முகவரியைப் பயணியே எழுத வேண்டும். துணியில் மை ஊறிப் படரும் என்பதால் மெல்ல எழுதுமாறு ஒவ்வொருவரிடமும் தமிழிலேயே சொல்வார். அவர்களுக்கும் அது எப்படியோ விளங்கியது.

இந்தப் பார்சல் தையலைப் பற்றி நான் எத்தனை முறை பேசினாலும் எனக்குச் சலிப்பதில்லை. மாமல்லபுரத்தில் நான் சந்தித்த முதியவர்களில் மிகப் பலர், டெல்லியாக இருந்தாலும் பம்பாயாக இருந்தாலும் சென்னையாக இருந்தாலும், அஞ்சலக வாசலில் அமர்ந்து தம் பொருளைத் தைத்துக் கொடுத்த ஒரு மனிதரை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். உள்ளே இருந்த விளக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை, அந்தத் துணியை மட்டும் இன்றுவரை வைத்திருக்கிறேன் என்று ஓர் அம்மையார் என்னிடம் சொன்னார். அந்தத் தொழில் எங்கள் வாசலில் எப்போது நின்றது என்று எனக்கு நாள் குறிப்பிட்டுச் சொல்ல இயலவில்லை. ஒரு நாள் மரத்தடி வெறுமையாக இருந்தது. நாங்கள் அவருக்கு ஒரு பிரிவுபசாரம்கூடச் செய்யவில்லை என்பது என் மனத்தை இன்றும் வருத்துகிறது.

மேசைக்குத் திரும்புகிறேன். கடிதங்களை ஆங்கில அகரவரிசைப்படி மர அடுக்கின் தடுப்புகளில் பிரித்து வைப்போம். இதில் ஒரு சிக்கல் இருந்தது. நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். நம்முடைய சொந்தப் பெயர் பின்னால் வரும். முருகன் என்பவருக்கு வந்த கடிதத்தை, முன்னெழுத்து எதுவாக இருந்தாலும், முருகன் என்ற பெயரில்தான் தேடுவோம். மேலைநாட்டாருக்குச் சொந்தப் பெயர் முன்னாலும் குடும்பப் பெயர் பின்னாலும் வருகின்றன. அவர்களோ குடும்பப் பெயரில் தேடச் சொல்வார்கள். ஒருவருடைய சொந்தப் பெயர்தானே அவருடைய பெயர் என்று எண்ணி, எங்கள் ஊழியர்கள் அந்த எழுத்தின் கீழ்க் கடிதத்தை வைத்துவிடுவார்கள். இரண்டு பக்கத்திலும் தவறில்லை. கடிதம் மட்டும் கிடைக்காது.

1982-ஆம் ஆண்டு பிப்ரவரியில், டென்மார்க்கைச் சேர்ந்த பெண் ஒருவர் தொடர்ந்து ஐந்து நாள் வந்தார். காசியில் பிரிந்த தோழி, அடுத்துச் சந்திக்க வேண்டிய இடத்தைச் சென்னைக்கு எழுதுவதாக உறுதி சொல்லியிருந்தாராம். குடும்பப் பெயரின் எழுத்தில் ஒவ்வொரு நாளும் தேடினேன், ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள், வாடிய முகத்தோடு நன்றி சொல்லிவிட்டு அவர் திரும்பியபோது, எனக்கு மனம் கேட்கவில்லை. அவரை அமரச் சொல்லிவிட்டு, எல்லாத் தடுப்புகளிலும் இருந்த கடிதங்களை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சொந்தப் பெயரின் எழுத்தில் அது இருந்தது. அதே இடத்தில் நின்று பிரித்துப் படித்தார். வெள்ளிக்கிழமை வரை மாமல்லபுரத்தில் காத்திருப்பேன், அதன்பின் இராமேஸ்வரம் சென்று இலங்கைக் கப்பல் ஏறுவேன் என்று தோழி எழுதியிருந்தார். அன்று சனிக்கிழமை.

எங்களோடு பணியாற்றிய ஒருவருக்கு இராமேஸ்வரம் சொந்த ஊர். கப்பல் வாரத்தில் எல்லா நாள்களிலும் போகாது என்பதும், எந்தெந்த நாள் போகும் என்பதும் அவருக்கு மனப்பாடம். இன்றிரவு எழும்பூரில் ரயில் ஏறினால் கப்பலுக்கு முன் போய்விடலாம் என்றார். பாம்பன் கடலின் மேல் அப்போது சாலைப் பாலம் இல்லை; அது 1988-இல்தான் திறக்கப்பட்டது. 1914-இல் கட்டிய ரயில் பாலம் ஒன்றே வழி. அவர் ஒரு தாளில், "மாமா அவர்களுக்கு, இந்தப் பெண்ணைக் கப்பல் துறையில் கொண்டுபோய்ச் சேர்க்கவும்" என்று தமிழில் எழுதி, மாமாவின் வீட்டு அடையாளத்தையும் குறித்துக் கொடுத்தார். தமக்குப் படிக்கத் தெரியாத அந்தத் தாளை அந்தப் பெண் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

எனக்கு இன்னும் இரண்டு நிமிடங்களே இருக்கின்றன. இராமேஸ்வரம் கப்பல் துறையைப் பற்றியும், இலங்கையிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமைப் பற்றியும் விரிவாகப் பேசுவதற்குக் குறிப்புகள் எடுத்து வந்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின், இலங்கையின் தலைமன்னாருக்குப் போகும் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து சென்றது. 1984-இல் அது நின்றுபோயிற்று. அதே 1964-இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கையின் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள், அந்தக் கப்பலில்தான் கரை இறங்கின.

இரண்டு வாரம் கழித்து, கண்டியிலிருந்து ஒரு பட அஞ்சலட்டை வந்தது. முகவரியில் 'போஸ்ட் ரெஸ்டான்ட் எழுத்தர், சென்னை' என்று இருந்தது. அந்த மேசையில் எனக்கென்று வந்த ஒரே கடிதம் அதுதான். தோழியைக் கப்பல் துறையில் கண்டதாகவும், மாமா இருவருக்கும் காலை உணவு அளித்ததாகவும் எழுதியிருந்தார். கீழே, இடம் போதாமல் நெருக்கி எழுதிய ஒரு கேள்வி: "நாங்கள் ஏறுவதற்கு முன் கப்பலிலிருந்து தகரப் பெட்டிகளோடு இறங்கிய குடும்பங்கள், வீட்டுக்குத் திரும்புகிறவர்களா, வீட்டை விட்டு வந்தவர்களா?"

நீல விமானக் கடிதத் தாள் ஒன்றில், எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதி, 'போஸ்ட் ரெஸ்டான்ட், கொழும்பு' என்று முகவரியிட்டு அனுப்பினேன். பின்புறத்தில் என் முகவரியைத் தெளிவாக எழுதியிருந்தேன். அந்தக் கடிதம் திரும்பி வரவில்லை.

வணக்கம்.