குழலில் பொறித்த எழுத்துகள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருந்துவரும் ஒரு பழைய ரைஃபிளைப் பற்றியும், அது எங்கே, எப்போது செய்யப்பட்டது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று பல ஆண்டுகளாக நான் தேடித் தெரிந்துகொண்டவற்றைப் பற்றியும் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

வங்கி வாசலில் காவலர் தோளில் மாட்டியிருக்கும் துப்பாக்கியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். சுட்டால் சிறு ரவைகள் சிதறிப் போகும். ரைஃபிள் அப்படிப்பட்டதன்று. அதன் குழலுக்குள் மெல்லிய வரிப்பள்ளங்கள் திருகலாக ஓடுகின்றன. அந்தத் திருகலில் உரசிக்கொண்டு வெளியேறும் ஒற்றைக் குண்டு, சாட்டையிலிருந்து விடுபட்ட பம்பரத்தைப் போலச் சுழன்றுகொண்டே போவதால்தான் திசை மாறாமல் வெகுதூரம் செல்கிறது.

என் தாத்தா கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் டீ மேக்கராக, அதாவது தேயிலைத் தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் அலுவலராக, இருந்தவர். 1950களில் வேலையை விட்டுவிட்டுத் தாயகம் திரும்பிய தோட்டத்துத் துரையிடமிருந்து, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு முறைப்படி இந்த ரைஃபிளை அவர் வாங்கினார். உருளைக்கிழங்கு வயலில் இறங்கும் காட்டுப்பன்றிகளுக்காகத்தான் அது பயன்பட்டது. நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது எனக்குக் கிடைத்த பெருமை, எண்ணெய்த் துணியைப் பிடித்துக்கொண்டு அவர் அருகில் நிற்பது மட்டும்தான். யார் கையில் எடுத்தாலும் முதலில் போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை மூடும் எஃகுத் தண்டை, திறந்து, தோட்டா அமரும் அறைக்குள் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. இன்றும் எங்கள் வீட்டில் அதற்கு விலக்கில்லை.

‘இது முதல் உலகப் போருக்குப் போய்வந்த துப்பாக்கி’ என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்லிவந்த கதை. துரை சொன்னதா, தாத்தாவின் நண்பர்கள் சேர்த்ததா என்பதைக் கேட்டறிய இன்று யாரும் இல்லை. ஆனால் ரைஃபிளே பேசுகிறது. அதைத்தான் இன்று நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய துப்பாக்கியின் எஃகில் வெறும் கண்ணுக்கு அழுக்கைப் போலத் தெரியும் சிறு பொறிப்புகள்தாம் அதன் பிறப்புச் சான்றிதழ்.

எங்கள் ரைஃபிளில் மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தியது போன்ற ஒரு சின்னம் இருக்கிறது. அது பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் முத்திரை. பி.எஸ்.ஏ. என்றதும் உங்களில் பலருக்குச் சைக்கிள் நினைவுக்கு வந்திருக்கும். அம்பத்தூரில் செய்த சைக்கிளில் நாம் பார்த்த அதே பெயர்தான். பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பது அதன் விரிவு. 1861இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர்கள் கூடித் தொடங்கிய நிறுவனம் அது. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பிறகு வந்தவை.

குழலின் அடிப்பகுதியில், மரக்கட்டையைக் கழற்றினால் மட்டுமே தெரியும் இடத்தில், மகுடங்களும் அவற்றின் கீழே ஆங்கில எழுத்துகளும் உள்ளன. அவை பர்மிங்ஹாம் சோதனைச்சாலையின் முத்திரைகள். 1813இல் சட்டத்தின் வழியே நிறுவப்பட்ட அந்தச் சோதனைச்சாலையில், வழக்கமான அளவைவிடக் கூடுதலான வெடிமருந்தை இட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் தாங்கிய குழலுக்கு மட்டுமே முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாத குழலை அந்நாட்டில் விற்க முடியாது. 1921 முதல் அங்கே ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்தையும் சேர்த்துப் பொறித்தார்கள். முதல் எழுத்து 1921, இரண்டாவது 1922, மூன்றாவது 1923. எங்கள் குழலில் இருப்பது அகர வரிசையின் மூன்றாவது எழுத்து. போர் 1918இல் முடிந்துவிட்டது. போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்துச் சோதனைச்சாலைக்கு வந்த குழல், அந்தப் போருக்குப் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இதைச் சொன்னபோது என் பெரியப்பாவுக்கு மனம் வருந்தியது. ஆனால் எனக்கு அந்த ஓர் எழுத்து, கேட்டு வளர்ந்த கதையைவிடப் பெரிய செல்வமாகத் தோன்றியது. மேலும் ஒரு சான்றும் உண்டு. பிரிட்டிஷ் அரசின் உடைமையான படைக்கலங்களில் அகன்ற அம்புக்குறி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். எங்கள் ரைஃபிளில் அது இல்லை. அதற்கு மாறாகக் குழலின் மேற்புறத்தில், சென்னை மவுண்ட் ரோட்டில் கடை வைத்திருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் இருக்கிறது. கடிகாரக் கடையாக நாம் அறிந்த அந்த நிறுவனம் அக்காலத்தில் துப்பாக்கிகளும் விற்றது. ஆக, பர்மிங்ஹாமில் பிறந்து, சென்னைக் கடையில் விலைபோய், நீலகிரி மலையேறிய ரைஃபிள் இது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த செய்திக்கு வருகிறேன். இந்த ரைஃபிளின் அளவு, அதாவது குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில் .315. அதன் போல்ட்டும், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் அமைப்பும், ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் வடிவமைப்பு. பிரிட்டிஷ் இந்தியப் படைவீரர்கள் இரண்டு உலகப் போர்களிலும் ஏந்திய லீ என்ஃபீல்டுக்கும் அதுவே அடிப்படை. ஆனால் படைவீரனின் துப்பாக்கி .303 அளவு. எல்லாம் ஒன்றாக இருக்க, தோட்டா மட்டும் ஏன் வேறு? படையின் தோட்டா வெளியார் துப்பாக்கிக்குப் பொருந்திவிடக் கூடாது என்பது ஆங்கில அரசின் அச்சம். படைக்கிடங்கிலிருந்து களவாடப்படும் தோட்டாக்கள் தனியார் கைகளுக்கும், குறிப்பாக வடமேற்கு எல்லைப் பழங்குடியினரின் கைகளுக்கும் போகக் கூடாது என்று கருதி, படையின் அளவுகளைப் பொதுமக்களுக்கு விலக்கி வைத்தார்கள். அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் .315. ஆஸ்திரியப் படையின் எட்டு மில்லிமீட்டர் மான்லிச்சர் தோட்டாவே இந்தியாவில் இந்தப் பெயரில் வழங்கியது. ஐரோப்பாவில் அந்தத் தோட்டா வழக்கொழிந்து வெகுகாலமாகிவிட்டது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையோ விடுதலைக்குப் பிறகும் .315 ரைஃபிளைச் செய்துவந்தது. ஆங்கிலேயர் போனார்கள்; அவர்களுடைய அச்சம் ஒரு தோட்டாவின் அளவாக இந்நாட்டில் தங்கிவிட்டது.

அந்த அச்சத்திற்கு இன்னொரு முகமும் உண்டு. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி இந்தியர்கள் உரிமம் பெற்றே துப்பாக்கி வைத்திருக்க முடிந்தது, ஐரோப்பியர்களுக்கோ விலக்கு இருந்தது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. தாத்தா தம் பெயரில் உரிமம் பெற்ற நாளை வீட்டில் ஏன் ஒரு விழாவைப் போலப் பேசினார்கள் என்பது, இந்த வரலாற்றைப் படித்த பிறகே எனக்கு விளங்கியது.

அந்த உரிமப் புத்தகங்களை என் பாட்டி தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். வாங்கிய தோட்டா எத்தனை, எந்த நாளில், எந்தக் கடையில் என்று ஒவ்வொரு முறையும் கடைக்காரரின் முத்திரையோடு அதில் பதிவாகியிருக்கிறது. உருளைக்கிழங்கு முற்றும் காலத்தையொட்டிப் பதிவுகள் நெருக்கமாக இருக்கும். பிறகு நீண்ட இடைவெளி. 1972இல் வன உயிர் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் பக்கங்கள் வெறுமையாகின்றன. ஒரு சட்டம் ஒரு குடியானவர் வீட்டில் எந்த நாளில் நுழைந்தது என்பதை நான் அந்த வெற்றுத் தாள்களில்தான் கண்டேன். அந்தச் சட்டம் சரியானது என்பது என் உறுதியான கருத்து. தாத்தாவும் அதற்குப் பிறகு காட்டில் ஒரு தோட்டாவும் செலவிடவில்லை.

பராமரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுட்டு முடித்துத் திரும்பும் நாளில் தாத்தா முதலில் கேட்பது கொதிக்கும் வெந்நீர். காப்பிக்கு வைத்த தண்ணீர் துப்பாக்கிக்குப் போகிறது என்று பாட்டி முணுமுணுப்பார். புனலை வைத்துக் கெட்டில் வெந்நீர் முழுவதையும் குழலுக்குள் ஊற்றுவார். மறுமுனையில் சாம்பல் நிறத்தில் ஒழுகும் நீர் தெளியும்வரை விடமாட்டார். இரும்புக்குள் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று அன்று நான் வியந்திருக்கிறேன். பழைய தோட்டாக்களில், மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடியில் பொட்டாசியம் குளோரேட் என்ற பொருள் இருந்தது. அது எரிந்தபின் மிஞ்சுவது நம் வீட்டு உப்புக்கு இனமான ஓர் உப்பு. நீலகிரியின் மூடுபனியில் அந்த உப்பு ஈரத்தை இழுத்து ஓரிரவில் குழலைத் துருப்பிடிக்க வைத்துவிடும். எண்ணெயில் உப்பு கரையாது; நீரில்தான் கரையும். கொதிநீரானால் குழலும் சூடாகித் தானே உலர்ந்துவிடும். அதன் பிறகே எண்ணெய். அவர் செய்தது முழுமையான வேதியியல்.

துருவுக்கு அடுத்த பகை, நம் அன்பு. ஆயுத பூசையன்று ஈரச் சந்தனத்தை நேரே எஃகில் வைத்து, மறுநாள் வரை விட்டுவிட்டால், பொட்டு வைத்த இடத்தில் வட்டமாகத் துரு ஏறிவிடும். எங்கள் ரைஃபிளின் இடப்பக்கத்தில் அப்படியொரு வட்டம் இன்றும் இருக்கிறது. கட்டையில் வையுங்கள், அல்லது எண்ணெய் தடவிய தாளின்மீது வையுங்கள். அதைவிடக் கொடியது உப்புத்தாள். பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாளால் தேய்ப்பவர்கள், நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்த முத்திரைகளைத்தான் தேய்த்து அழிக்கிறார்கள். அழிந்த எழுத்தை மீண்டும் பொறிக்க முடியாது. பொறித்தால் அது பொய்ச்சான்று. துப்பாக்கியின் வரிசை எண்ணைத் தேய்த்து அழிப்பது சட்டப்படியும் குற்றம். மீண்டும் சொல்கிறேன், மென்மையான துணியும் சிறிது எண்ணெயும் போதும்.

சட்ட நடைமுறையை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நிலைய நண்பர் நேரத்தைச் சுட்டிக் காட்டுவதால் சுருக்கிச் சொல்கிறேன். உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால், துப்பாக்கியைப் பரணில் வைத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது; தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, வாரிசின் பெயரில் உரிமத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, எழுபது வயதை அடைந்தவரோ, இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தவரோ தம் வாழ்நாளிலேயே வாரிசுக்கு மாற்றக் கோரலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது; பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். ஒப்படைக்கும் முன், வரிசை எண்ணையும் முத்திரைகளையும் தெளிவாகப் படமெடுத்து, பழைய உரிமப் புத்தகங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைப்பவர்கள், குழலுக்குள்ளும் எண்ணெய் பூசிக் கொடுங்கள். வாங்கி வந்த அன்றே துடைத்துப் பாருங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு என் நன்றி. வணக்கம்.