கணக்குப் புத்தகமும் கைத்துப்பாக்கியும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வருவதும் போவதுமாக இருக்கும் ஒரு மசோதாவைப் பற்றி இன்று பேச அழைத்திருக்கிறார்கள். முன்னாள் படைவீரர்களின் துப்பாக்கி உரிமையைக் காப்பதற்கான மசோதா அது. நம் நாட்டில் துப்பாக்கி வேண்டும் என்றால் உரிமம் கேட்டு மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். தருவதும் மறுப்பதும் அதிகாரியின் கையில் இருக்கிறது. அங்கே நிலைமை தலைகீழ். 1791 முதல் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பறிக்க வேண்டுமானால் அரசுதான் காரணம் காட்ட வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால் இந்தச் சண்டை நமக்கு விளங்காது.

2024 மார்ச்சுக்கு முன்பு இருந்த நடைமுறையைப் பார்ப்போம். வியட்நாம் போருக்குப் போய்வந்த ஒரு முதியவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு அரசின் உதவித்தொகை மாதாமாதம் வருகிறது. வயதாகிவிட்டது, குளிக்கவும் உடுத்தவும் துணை வேண்டியிருக்கிறது. அதற்கெனக் கூடுதல் தொகை கேட்டு, முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு விண்ணப்பிக்கிறார். அதோடு மருத்துவர் நிரப்பித்தர வேண்டிய படிவம் ஒன்று உண்டு. தானாகச் சாப்பிட முடிகிறதா, நடக்க முடிகிறதா என்று கேட்டுக்கொண்டே வரும் அந்தப் படிவத்தில், இவர் தம் பணத்தைத் தாமே நிர்வகிக்க வல்லவரா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. கணக்கு வழக்கெல்லாம் மனைவிதான் பார்க்கிறார் என்று முதியவர் சொல்ல, மருத்துவரும் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டுவிடுகிறார்.

சில வாரங்களில் வீட்டுக்குக் கடிதம் வருகிறது. உங்கள் பணத்தைக் கவனிக்க நிதிப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க உத்தேசித்திருக்கிறோம், மறுப்பு இருந்தால் அறுபது நாட்களுக்குள் ஆதாரம் அனுப்புங்கள் என்கிறது கடிதம். மனைவியையே பொறுப்பாளராக்குவார்கள் என்பதால் குடும்பத்தார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இந்த முடிவு உறுதியானால் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்றும் அதே கடிதம் சொல்கிறது. பெயர் எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனைப் பட்டியலுக்குப் போய்விடும். அதன்பிறகு துப்பாக்கிக் கடைக்காரர் கணினியில் பெயரைத் தட்டினால் மறுப்புத்தான் வரும்.

பணத்துக்கும் துப்பாக்கிக்கும் எப்படி முடிச்சு விழுந்தது? 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், மனநலக் குறைபாடு உடையவர் என்று தீர்மானிக்கப்பட்டவர் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்கிறது. தீர்மானிப்பது யார், எப்படி என்று அதில் விளக்கம் இல்லை. 1993இல் பிரேடி சட்டம் வந்து, கடையில் வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்றானது. 1997இல் அரசு ஒரு விதியை எழுதியது: நீதிமன்றமோ ஆணையமோ சட்ட அதிகாரம் பெற்ற வேறு அமைப்போ, ஒருவர் தமக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் என்று முடிவு செய்தாலும் சரி, மனநிலை காரணமாகத் தம் காரியங்களைத் தாமே நடத்த முடியாதவர் என்று முடிவு செய்தாலும் சரி, தடை பொருந்தும். மறு ஆண்டே கணினிப் பட்டியல் செயல்பாட்டுக்கு வந்தது. நிதிப் பொறுப்பாளர் நியமிக்கப்பட்டவர்களின் பெயர்களை நலத்துறை மொத்தமாக அனுப்பத் தொடங்கியது. படைவீரர் மட்டுமல்ல, அவருடைய ஓய்வூதியத்தில் வாழும் மறதி நோய் கண்ட விதவையின் பெயரும் இப்படித்தான் பட்டியலுக்குப் போனது.

சட்டம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இது உறுத்துகிறது. வங்கிக் கணக்கைப் பார்க்கத் தெரியாதவர் எல்லாம் அபாயகரமானவர் ஆகிவிடுவதில்லை. கணக்கைக் காசு பிசகாமல் எழுதிவைக்கும் மனிதர் அபாயகரமானவராக இருக்கவும் கூடும். நலத்துறை அலுவலர் பார்த்தது பணத்தை; தீர்ப்பு எழுதப்பட்டதோ துப்பாக்கிக்கு. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 2008 ஜனவரியில் கையெழுத்தான ஒரு திருத்தச் சட்டம், பட்டியலிலிருந்து விலக்குக் கேட்கும் வழியைத் திறந்துவிட்டது. அந்த மனுவையும் அதே நலத்துறையிடம்தான் கொடுக்க வேண்டும். மனுச் செய்தவர்கள் குறைவு, விலக்குக் கிடைத்தவர்கள் அதிலும் குறைவு.

இந்த இடத்தில்தான் மசோதா நுழைகிறது. 2017 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் 240க்கு 175 என்ற வாக்குகளில் நிறைவேறிய வடிவத்தைப் படித்துப் பாருங்கள், அதன் சாரம் ஒரே வாக்கியம். தமக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் என்று நீதிபதியின் ஆணை இல்லாமல், நலத்துறையின் முடிவை மட்டும் வைத்து யாரையும் தடைக்குள் கொண்டுவரக் கூடாது. மேலவையான செனட் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. 2023 அக்டோபர் 25 அன்று, லூசியானாவின் ஜான் கென்னடி, கான்சாஸின் ஜெர்ரி மோரன் என்ற இரு செனட்டர்கள் வேறு வழியில் வந்தார்கள். இப்படிப் பெயர் அனுப்பும் வேலைக்குப் பணம் செலவிடக் கூடாது என்று, செலவின மசோதாவில் ஒரு திருத்தமாக அதைச் செருகினார்கள். செனட் 53க்கு 45 என்று ஏற்றது. 2024 மார்ச்சில் அதிபர் பைடன் கையெழுத்திட்டார். ஆனால் செலவினச் சட்டத்தின் ஆயுள் ஓராண்டு. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்தாக வேண்டும். அதனால்தான் நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று இலினாய் மாநிலத்தின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் மைக் போஸ்ட் போன்றவர்கள் விடாமல் மசோதா கொண்டுவருகிறார்கள்.

செனட் வாக்களித்த அதே நாள் மாலை, மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டனில் இராணுவ ரிசர்வ் படையைச் சேர்ந்த ஒருவர் 18 பேரைச் சுட்டுக் கொன்றார். எதிர்ப்பாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். உணர்ச்சி புரிகிறது, வாதம் பொருந்தவில்லை. அவர் நிதிப் பொறுப்பாளர் பட்டியலில் வந்தவர் அல்லர். அதே ஆண்டு கோடையில் மனநல மருத்துவமனையில் இருந்தவர். அவரைப் பற்றிக் குடும்பமும் படைப்பிரிவும் கவலைப்பட்டதுண்டு, ஆனால் துப்பாக்கியைப் பறிக்கும் மாநிலச் சட்டத்தை யாரும் பயன்படுத்தவில்லை. இதற்கு நேர் எதிரான பாடம் 2017 நவம்பரில் டெக்சாஸின் சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் கிடைத்தது. குடும்ப வன்முறைக்காக இராணுவ நீதிமன்றம் தண்டித்த முன்னாள் விமானப்படை வீரரின் பெயரை விமானப்படை பட்டியலுக்கு அனுப்பாமலே விட்டுவிட்டது. அவர் பின்னணிச் சோதனையில் சிக்காமல் கடையில் துப்பாக்கி வாங்கினார். அவர் சுட்டதில் 26 பேர் மாண்டார்கள். அனுப்ப வேண்டிய பெயர் போகவில்லை. அனுப்பத் தேவையில்லாத பெயர்கள் ஆயிரக்கணக்கில் போயின.

ஆனாலும் மசோதாவின் ஆதரவாளர்களுக்கு நான் முழுதாகக் கைதட்ட மாட்டேன். படைவீரரின் துப்பாக்கியால் பெரும்பாலும் சாவது அந்தப் படைவீரரேதான். நலத்துறையின் கணக்குப்படி 2021இல் மட்டும் 6,392 முன்னாள் படைவீரர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள், நாளொன்றுக்குப் பதினேழு பேருக்கு மேல். அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் துப்பாக்கியால் இறந்தார்கள். மனத்தளர்ச்சியின் கொடிய நிமிடங்கள் பல சமயம் கடந்து போய்விடக் கூடியவை. கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அவை கடந்துபோக அவகாசம் இல்லை. மறதி நோயும் மனத்தளர்ச்சியும் கண்ட ஒரு முதியவர் நிதிப் பொறுப்பாளர் பட்டியலில் இருந்தால், அவரைப் பற்றிக் கவலைப்படக் காரணம் உண்டு என்று எதிர்ப்பாளர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் பின்னணிச் சோதனைப் பட்டியல் கடையில் மட்டுமே தடுக்கும். நாற்பது ஆண்டுகளாக அலமாரியில் இருக்கும் துப்பாக்கியை அது தொடாது. அதை வைத்திருப்பது குற்றம் என்று சட்டம் சொன்னாலும், நலத்துறை யாரையும் அனுப்பி எடுத்துவருவதில்லை. அதைவிட, அதே துறை இலவசமாகக் கொடுக்கும் பூட்டு ஒன்று உபயோகமானது. மேலுறை பூசிய எஃகுக் கம்பி வடம், முனையில் பூட்டு. குண்டுகளை அகற்றிவிட்டு, துப்பாக்கியின் குழாய் வழியாகவோ குண்டு நுழையும் வாய் வழியாகவோ கம்பியைச் செலுத்திப் பூட்டிவிடுவார்கள். சாவி வேறொருவரிடம் இருக்கும். உரிமை உரியவரிடமே இருக்கிறது, நிமிடங்களும் கிடைக்கின்றன. ஆனால் மனநல ஆலோசனைக்குப் போனாலே பெயரை எழுதிக்கொள்வார்கள் என்ற பயம் படைவீரர்களிடையே பரவிக் கிடக்கிறது. அது முழு உண்மை அல்ல. ஆலோசனைக்குப் போனதற்காகப் பெயர் போவதில்லை. பயத்துக்கு அந்த வேறுபாடெல்லாம் தெரியாது. அந்தப் பயத்தோடு இருப்பவர் மருத்துவமனை வாசலையே மிதிக்க மாட்டார், பூட்டை எங்கே வாங்கப்போகிறார்?

ஆகவே நீதிபதி வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. என் மனக்குறை, அந்த ஒற்றை வாக்கியம் சொல்லாமல் விட்டதில்தான். நீதிமன்றப் படியேறப் போவது யார்? தகப்பன் இரவில் துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறார் என்று மகள் கவலைப்படுகிறாள். அவள் யாரிடம் மனுக் கொடுப்பாள்? நலத்துறை வழக்கறிஞர் போவாரா? எத்தனை நாளில் விசாரணை? முதியவருக்காக வாதாடுபவருக்கு யார் பணம் தருவார்கள்? சில மாநிலங்களில் இதற்கெனச் சட்டம் இருக்கிறது, பலவற்றில் இல்லை. ஆபத்து என்று கருதும்போது நலத்துறையே உள்ளூர் நீதிமன்றத்தை நாடலாம், படைவீரருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் உண்டு, இத்தனை நாட்களுக்குள் விசாரணை நடக்க வேண்டும் என்று இன்னும் மூன்று வரி சேர்த்தால், மசோதாவை எதிர்க்கும் செனட்டர்களில் சிலரையாவது இழுத்துக்கொள்ள முடியும் என்றே நினைக்கிறேன். இப்போதைக்கு இரு தரப்பும் ஒவ்வோர் ஆண்டும் செலவின மசோதாவில் அந்த ஒரு பிரிவு இருக்கிறதா இல்லையா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.