பாக்தாத் பெரியவர் கேட்ட வரம்

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணித் தோழர்களுக்கும், நேரம் கடந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். "மருத்துவத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது நோயாளியைக் காக்கவா, மருத்துவரின் வருமானத்தைக் காக்கவா?" என்பது தலைப்பு. நோயாளியைக் காக்கத்தான் என்று பேச வந்திருக்கிறேன். சட்டமெல்லாம் அப்புறம். முதலில் பாக்தாதுக்குப் போய் வருவோம்.

931ஆம் ஆண்டு. வைத்தியர் ஒருவர் செய்த தவறால் ஒரு மனிதர் இறந்துவிட்டார் என்ற செய்தி கலீபா அல் முக்ததிரின் காதுக்கு வருகிறது. உடனே உத்தரவு போடுகிறார். அரசவை மருத்துவர் சினான் இப்னு தாபித் சோதித்துப் பார்த்து அனுமதி கொடுக்காத எவரும் இனி இந்த நகரத்தில் வைத்தியம் பார்க்கக் கூடாது. பெயர் பெற்றவர்களுக்கும் அரசுப் பணியில் இருந்தவர்களுக்கும் மட்டும் விலக்கு. மிச்சம் எத்தனை பேர் தேர்வுக்கு வந்தார்கள் தெரியுமா? 860 பேருக்கும் மேல் என்று பழைய அரபு வரலாறுகள் சொல்கின்றன. ஒரே நகரத்தில்!

அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவர். நல்ல உடை, கம்பீரமான தோற்றம். பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும். சினானும் அவரை மரியாதையோடு பக்கத்தில் உட்கார வைக்கிறார். மற்றவர்கள் போன பிறகு, "ஐயா, உங்களிடமிருந்து ஏதாவது கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசை. உங்கள் ஆசிரியர் யார்?" என்கிறார்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து முன்னால் வைக்கிறார். உள்ளே பளபளவென்று பொற்காசுகள். "எனக்குச் சரியாக எழுதப் படிக்கத் தெரியாது. குடும்பம் இருக்கிறது. இதுதான் பிழைப்பு. கெடுத்துவிடாதீர்கள்" என்கிறார்.

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்கள் இந்த இடத்தில் கைதட்டினார்கள். "பார்த்தீர்களா, முதல் தேர்விலேயே லஞ்சம்!" என்றும் ஒரு குரல் வந்தது. கொஞ்சம் பொறுங்கள், கதை முடியவில்லை. சினான் சிரிக்கிறார். சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை போடுகிறார். "உமக்குத் தெரியாத எதையும் நோயாளி மேல் சோதித்துப் பார்க்கக் கூடாது. சின்ன நோய் தவிர வேறு எதற்கும் வைத்தியம் என்று உடம்பைக் கீறி ரத்தம் இறக்கச் சொல்லக் கூடாது, பேதிக்குக் கொடுக்கக் கூடாது." பெரியவருக்கு ஒரே மகிழ்ச்சி. "ஐயா, என் வாழ்நாள் முழுக்க அதுதானே என் வழக்கம்! தேனும் காடியும் கலந்த பானகம், பன்னீர்ச் சர்க்கரைப் பாகு, இந்த இரண்டைத் தாண்டி நான் போனதே இல்லை!"

மறுநாள் ஒரு இளைஞர் வருகிறார். அழகான பையன், நல்ல உடை. "யாரிடம் படித்தாய்?" "என் அப்பாவிடம்." "உன் அப்பா யார்?" "நேற்று உங்களிடம் வந்தாரே, அந்தப் பெரியவர்." சினான் கேட்கிறார்: "அவர் வழியில்தான் நீயும் போகிறாயா?" "ஆமாம்." "அதைத் தாண்டாதே. போய் வா."

இதில் ஒரு சொல்லை மறுபடியும் சொல்ல வேண்டும். "தாண்டாதே." பொற்காசை விடுங்கள். கலீபாவுக்கு வருமானம் வேண்டியிருந்து இது நடக்கவில்லை, மருத்துவர் சங்கம் கேட்டும் நடக்கவில்லை. ஒரு நோயாளி செத்ததால் நடந்தது. அங்கே பிறந்தது ஒரு எல்லைக்கோடு. உனக்குத் தெரிந்தது இதுவரை, இதற்கு மேல் கை வைக்காதே.

எதிரணித் தலைவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கைதட்டு வாங்கினார். "மருத்துவர் பதிவேடு என்பது, எதிரே வேறு கடை திறக்காமல் இருக்க டாக்டர்கள் போட்ட பூட்டு" என்றார். அந்தக் கைதட்டு என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஐயா, தகுதி பெற்ற மருத்துவர்களின் பெயர்களை எழுதி வைக்கும் அந்தப் பதிவேடு பற்றிய சட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னீர்களா? பிரிட்டனில் 1858இல் வந்த மருத்துவச் சட்டம் எப்படித் தொடங்குகிறது? மருத்துவ உதவி தேவைப்படுபவர்கள், தகுதி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று பிரித்தறிய வழி வேண்டும் என்று தொடங்குகிறது. முதல் வரியிலேயே நோயாளி! அந்தச் சட்டம் பதியாதவர்களின் கடையை மூடவே இல்லை. மூலிகை கொடுப்பவர் கொடுக்கலாம், எலும்பு கட்டுபவர் கட்டலாம். பதிவு பெற்றவன் என்று பொய் சொல்வதுதான் குற்றம். கட்டணம் வரவில்லை என்று வழக்குப் போடும் உரிமை, அரசு வேலை போன்ற சலுகைகள் பதிந்தவர்களுக்கு மட்டும் கிடைத்தன, அது உண்மை. ஆனால் கடையின் கதவு திறந்தேதான் இருந்தது. சட்டம் மாட்டியது ஒரு பெயர்ப்பலகை. அதைப் பூட்டு என்று சொன்னால் எப்படி?

சரி, பூட்டு ஒரு இடத்தில் இருந்தது. பெண்களுக்கு எதிராக இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். 1869இல் சோபியா ஜெக்ஸ் பிளேக்கும் தோழிகளும் பிரிட்டனின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு தேர்வு எழுதப் போனவர்கள் மேல் ஒரு கும்பல் சேற்றை வாரி இறைத்தது. பட்டமும் மறுக்கப்பட்டது. ஆனால் அந்தப் பெண்கள் என்ன கேட்டார்கள்? பதிவேட்டைக் கிழித்துப் போடச் சொன்னார்களா? எங்கள் பெயரையும் அதில் எழுதுங்கள் என்றார்கள்! 1876இல் பெண்களுக்கும் தேர்வு நடத்தலாம் என்று சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே சோபியா பதிவு பெற்றார். அடிபட்டவர்களே அந்த ஏட்டின் அருமையை அறிந்திருந்தார்கள்.

"நல்ல வைத்தியர் யார் என்று நோயாளிக்கே தெரியாதா?" என்றும் கேட்டீர்கள். தெரியாது ஐயா. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் ஜான் பிரிங்க்லி என்பவர், ஆட்டின் விதைச் சுரப்பியை எடுத்து மனிதனுக்கு வைத்துத் தைத்தார். ஆண்மை திரும்பும் என்றார், வரிசையில் நின்றார்கள். நோயாளிகள் இறந்தும் வரிசை குறையவில்லை. 1930இல் மாநில மருத்துவ வாரியம் அவருடைய உரிமத்தைப் பறித்தது. அதே ஆண்டு ஆளுநர் தேர்தலில் நின்றார், மக்கள் அள்ளி அள்ளி ஓட்டுப் போட்டார்கள். வலியில் இருப்பவனுக்கு நம்பத்தான் தெரியும். ஆராய்ந்து பார்க்க அவனுக்கு எங்கே தெம்பு இருக்கும்?

எனக்கும் ஒரு ராத்திரி அந்தத் தெம்பு இல்லை. அம்மாவுக்கு வயிற்றில் தாங்க முடியாத வலி. பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே இருந்த மருத்துவருக்குச் சின்ன வயது. வயிற்றை அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்து, "இதை நான் தொடக் கூடாது. அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்கு உடனே கொண்டு போங்கள். நான் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன்" என்றார். ஒரு ஊசி போட்டு வைத்து, காலையில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். நானும் நம்பியிருப்பேன். அவர் தாண்டவில்லை.

பெரிய மருத்துவமனையில் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். உள்ளே போன அறுவை மருத்துவரின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. சுவரில் ஒரு பலகை. அவர் பெயர், படிப்பு, கீழே பதிவு எண். அப்பா இல்லாத வீடு, கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. மூன்று மணி நேரம் அந்த எண்ணையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சாமி பாட்டு எதுவும் நினைவுக்கு வரவில்லை, அந்த எண்தான் வந்தது.

இப்போது கேட்டாலும் அந்த எண்ணைத் தவறாமல் சொல்வேன். அம்மா அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நடுவர் அவர்களே, என் பேச்சு அவ்வளவுதான்.