விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு 1962: நியூயார்க் டி.டபிள்யூ.ஏ. ஓட்டலில் ஒரு ராத்திரி

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கிற சத்தம் காற்று இல்லை, விமானம். நான் இப்போது நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்குள் ஒரு மொட்டை மாடியில், நீச்சல்குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பேசுகிறேன். கேமராவை ஓரத்தில் இருக்கிற நாற்காலியில் துண்டு சுற்றி வைத்திருக்கிறேன், விழுந்தால் வீடியோ இத்தோடு முடிந்தது. இதோ பாருங்கள், குளத்தின் அந்த ஓரத்தில் சுவரே தெரியாது, தண்ணீர் அப்படியே வழிந்து ஓடுபாதைக்குள் போய்விடுகிற மாதிரி இருக்கிறதா? அங்கே ஒரு இரட்டை மாடி விமானம் எருமை மாதிரி அசைந்து அசைந்து போகிறது. கொஞ்சம் மண்ணெண்ணெய் வாடையும் வருகிறது. எனக்கு அது பிடிக்கும், சிலருக்குத் தலை வலிக்கலாம்.

சரி, இங்கே எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் தோழி வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறேன். நியூயார்க்கில் இறங்கியது இன்று சாயங்காலம், அடுத்த விமானம் நாளை மத்தியானம். போன தடவை இதே மாதிரி ஒரு காத்திருப்பில், வேறொரு ஊர் விமான நிலையத்தில், கைப்பிடி வைத்த நாற்காலியில் ராத்திரி முழுக்க வளைந்து படுத்து, கழுத்து பிடித்துக்கொண்டு, நான்கு நாள் வலப்பக்கமே திரும்ப முடியவில்லை. அப்போதே முடிவு பண்ணினேன், இனி காசு போனாலும் பரவாயில்லை என்று. போகத்தான் போனது, வரியோடு 300 டாலருக்கு மேல். முன்னாடியே சொல்லிவிடுகிறேன், இது ஸ்பான்சர் வீடியோ இல்லை, என் சொந்தக் காசு.

இறங்கியதும் விமான நிலையத்துக்குள்ளேயே ஓடுகிற ஏர்டிரெயினில் ஏறி, ஐந்தாம் டெர்மினலில் இறங்கினேன். ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்கு அந்த ரயிலில் போவதற்குக் கட்டணம் இல்லை. அங்கே ஒரு லிஃப்ட். அதில் மாடி எண்ணுக்குப் பதிலாக ஒரு பொத்தானில் ‘இன்றைய நாள்’ என்றும் இன்னொன்றில் ‘1960கள்’ என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் இருந்த நான் அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். கூட வந்தவர் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார். 1960களை அழுத்தினேன்.

கதவு திறந்தால் ஒரு குழாய். நிஜமாகவே குழாய்தான். சுவரும் கூரையும் வெள்ளையாக வளைந்து ஒன்றாகிவிடுகின்றன, தரையில் மட்டும் சிவப்புக் கம்பளம். அந்தக் காலத்தில் பயணிகள் விமானம் ஏறுவதற்கு இந்த வழியாகத்தான் நடந்து போவார்கள். நான் எதிர்த் திசையில் பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிறேன். குழாய் முடிகிற இடத்தில் கூடம் விரிகிறது பாருங்கள், அங்கே நான் பெட்டியை விட்டுவிட்டு நின்றுவிட்டேன்.

கொஞ்சம் கதை சொல்ல வேண்டும், இல்லையென்றால் இந்தக் கட்டடத்தின் அருமை புரியாது. டி.டபிள்யூ.ஏ. என்றால் டிரான்ஸ் வேர்ல்ட் ஏர்லைன்ஸ். ஹாவர்ட் ஹியூஸ் என்ற பெரும் பணக்காரர் பல வருடம் கையில் வைத்திருந்த கம்பெனி. நம் பம்பாய்க்குக்கூட விமானம் விட்டவர்கள். அவர்களுக்காக இந்த டெர்மினலை வடிவமைத்தவர் ஈரோ சாரினென், பின்லாந்தில் பிறந்த அமெரிக்கர். செயின்ட் லூயிஸ் நகரத்தின் அந்தப் பெரிய வளைவு இருக்கிறதே, அதுவும் அவர் வடிவமைத்ததுதான். காலையில் சாப்பிட்ட கிரேப்ஃப்ரூட் தோலை, நம்மூர் பம்ளிமாஸ் மாதிரி இருக்குமே அதைத்தான், கவிழ்த்துப் போட்டு அமுக்கி அமுக்கிப் பார்த்து இந்தக் கூரையின் வளைவைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கூரையைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. நான்கு கான்கிரீட் ஓடுகள், அவற்றைத் தாங்க ஒய் எழுத்து வடிவில் நான்கே நான்கு தாங்கிகள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே கண்ணாடி, அதன் வழியாக வெளிச்சம் கோடு கோடாக விழுகிறது. நேர்க்கோட்டில் ஒரு சுவரைத் தேடினேன், கிடைக்கவில்லை.

பாவம், சாரினென் 1961 செப்டம்பரில் இறந்துபோனார். டெர்மினல் திறந்தது 1962 மே மாதம். இன்னொரு கொடுமை, அவர் வரைய ஆரம்பித்தபோது விசிறி சுற்றுகிற விமானங்களின் காலம். கட்டி முடிப்பதற்குள் ஜெட் வந்துவிட்டது. அப்புறம் ஜம்போ ஜெட்டும் வந்தது. இவ்வளவு அழகான கட்டடம் கூட்டத்துக்குப் பத்தாமல் திணறியது. 2001இல் கம்பெனியே கைமாறிக் காணாமல் போக, இதையும் பூட்டிவிட்டார்கள். புராதனச் சின்னம் என்று 1994இலேயே நகரம் அறிவித்திருந்ததால் இடிக்க முடியாது. அப்படியே கிடந்தது. 2019 மே மாதம்தான் ஓட்டலாகத் திறந்தார்கள். பழைய கட்டடத்தில் அறை ஒன்றும் கிடையாது, 512 அறைகளும் பின்னால் புதிதாகக் கட்டிய இரண்டு வளைந்த கட்டடங்களில் இருக்கின்றன. பழையது முழுக்க வரவேற்புக் கூடம்தான். ஒரு டெர்மினலையே லாபியாக வைத்திருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள்.

இதோ, கூடத்தின் நடுவில் பள்ளமாக, சிவப்பாக இருக்கிறதே, அதுதான் இங்கே எல்லாரும் படம் எடுக்கிற இடம். எனக்குப் பார்த்ததும் எங்கள் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடுதான் ஞாபகம் வந்தது. சுற்றிலும் திண்ணை மாதிரி உயரம், நடுவில் இறங்கி உட்கார முற்றம். மிளகாய்ப் பழச் சிவப்பில் கம்பளம், அதே சிவப்பில் சோபா. தரையும் சுவரும் ஓரங்களும் எல்லாம் சட்டைப் பொத்தான் அளவு வட்ட ஓடுகள், லட்சக்கணக்கில் பதித்திருக்கிறார்கள். விரலால் தடவிப் பார்த்தேன், வளைகிற இடத்தில்கூட ஒரு ஓடு துருத்திக்கொண்டு நிற்கவில்லை.

மேலே அந்த அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். சின்னச் சின்னத் தகடுகள் புரண்டு புரண்டு எழுத்தாக மாறுகிற பழைய இத்தாலியப் பலகை. கொஞ்சம் பொறுங்கள், இப்போது மாறும்... கேட்டீர்களா? சீட்டுக்கட்டைக் கலைத்துவிடுகிற சத்தம். இதைக் கேட்பதற்காகவே நான் ஒரு காபியை முக்கால் மணி நேரம் குடித்தேன்.

வெளியே நிற்கிற விமானம் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன், செல்லமாகக் கானி. 1958இல் செய்தது. வாலில் ஒன்றுக்கு மூன்று துடுப்பு, முதுகு மீன் மாதிரி வளைந்திருக்கும். ஜெட் வந்ததும் இதன் மவுசு போய்விட்டது. கை மாறி, ஒரு கட்டத்தில் 150 டாலருக்கு ஏலம் போய், கஞ்சா கடத்தவும் ஓடி, கடைசியில் ஓரங்கட்டிக் கிடந்ததை எடுத்துச் சரிசெய்து, 2019 மார்ச்சில் டைம்ஸ் சதுக்கத்தில் நிறுத்தி ஊருக்கே காட்டிவிட்டு இங்கே கொண்டுவந்தார்கள். இப்போது உள்ளே மதுக்கூடம். நான் குடிக்கிற ஆள் இல்லை, ஒரு எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டு விமானி அறையை எட்டிப் பார்த்தேன். எத்தனை முள், எத்தனை கைப்பிடி! 1948 ஜூனில் ஏர் இந்தியா முதல்முதலாக பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறந்ததே, ‘மலபார் பிரின்சஸ்’, அதுவும் இந்தக் கான்ஸ்டலேஷன் குடும்பம்தான், இதற்கு மூத்த மாடல். சன்னல் ஓரத்தில் உட்கார்ந்தபோது அதை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு இவ்வளவு சின்ன சன்னல் வழியாகத்தானே எட்டிப் பார்த்திருப்பார்கள்.

மேலே பணிப்பெண்களின் சீருடைகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பால்மெய்ன், வாலண்டினோ, ரால்ஃப் லாரன் என்று பெரிய பெரிய ஆட்கள் வடிவமைத்தவை. 1968இல் காகிதத்திலேயே உடை செய்து மாட்டிவிட்டிருக்கிறார்கள், ஒரு தடவை உடுத்திவிட்டு வீசிவிட. காபி கொட்டினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை போல.

சரி, குளித்துத் துடைத்து அறைக்கு வந்துவிட்டேன். அறை பெரியது இல்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கட்டில் சன்னலைப் பார்த்து இருக்கிறது, சன்னலுக்கு வெளியே ஓடுபாதை. சிவப்பு நாற்காலி, ஒற்றைக்கால் வெள்ளை மேசை, இரண்டும் சாரினென் வடிவமைத்தவை. அந்த மேசையில்தான் தோழி கட்டிக்கொடுத்த சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் சாப்பிட்டேன். வெள்ளை மேசையில் தொக்கு, நெஞ்சு படபடத்தது. சிந்தவில்லை. இப்போது ஒரு விமானம் கிளம்புகிறது பாருங்கள். சத்தம் வருகிறதா? சுத்தமாக இல்லை. சன்னல் ஏழு அடுக்குக் கண்ணாடி, மொத்தம் நாலரை அங்குலம். மாடியில் காதைக் கிழித்த அதே விமானம் இங்கே ஊமைப்படமாகப் போகிறது.

இப்போது நான் காட்ட வந்த முக்கியமான பொருளுக்கு வருகிறேன். இதோ, படுக்கைக்குப் பக்கத்தில் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறதே. டயல் சுற்றுகிற தொலைபேசி. அலங்காரத்துக்கு இல்லை, வேலை செய்கிறது. வெளிநாட்டுக்குப் பேசினாலும் காசு கிடையாது.

எங்கள் வீட்டில் இதே மாதிரி ஒன்று இருந்தது. கோபியில் எங்கள் தெருவில் மொத்தம் மூன்று வீட்டில்தான் போன். அப்பா அந்த டயலின் ஓட்டையில் ஒரு குட்டிப் பூட்டு போட்டுச் சாவியை இடுப்பில் வைத்திருப்பார். எஸ்.டி.டி. பில் பயம். என் அண்ணன் பூட்டைத் தொடாமலே பேசுவான். ரிசீவர் உட்காரும் கட்டையை விரலால் தட்டுவான், மூன்று வேண்டுமென்றால் மூன்று தட்டு, பூஜ்யத்துக்குப் பத்து. டயல் சுற்றித் திரும்பும்போது அனுப்புவதும் அதே தட்டுகள்தானே. பில் வந்த அன்றைக்கு முதுகில் விழுந்ததும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான்.

மணி இங்கே ராத்திரி ஒன்பதரை, ஊரில் காலை ஏழு. அம்மா வாசல் தெளித்து முடித்திருப்பார்கள். கூப்பிட்டுப் பார்க்கலாம். இங்கிருந்து 011, அப்புறம் 91, அப்புறம் பத்து எண், மொத்தம் பதினைந்து. பூஜ்யம் சுற்றினால் முழு வட்டமும் போய், கர்ர்ர் என்று சாவகாசமாகத் திரும்பி வருகிறது. அது வந்து நிற்கிற வரைக்கும் அடுத்ததைத் தொட முடியாது. அம்மா நம்பரில் ஒன்பதும் எட்டும்தான் நிறைய. பன்னிரண்டாவது எண்ணில் விரல் நழுவிவிட்டது. வைத்துவிட்டு முதலிலிருந்து. இரண்டாவது தடவை மணி அடித்தது. அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் பதினைந்து எண். எடுக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது, தெரியாத அமெரிக்க நம்பரை எடுக்காதே, பணம் போய்விடும் என்று அம்மாவிடம் ஆயிரம் தடவை சொல்லி வைத்தவளே நான்தான்.

வேறு வழியில்லை, கைபேசியை எடுத்து வாட்ஸ்அப்பில், ‘அம்மா எடு, நான்தான்’ என்று அனுப்பிவிட்டு, மறுபடியும் சுற்றினேன். எடுத்தார்கள்.

“ஏங்கண்ணு, வாட்ஸ்அப்தான் இருக்குதல்ல, அதுல கூப்பிட்டா என்ன?”

ரிசீவரை டயல் பக்கம் பிடித்து ஒரு ஒன்பதைச் சுற்றிக் காட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “நம்ம பழைய போனாட்டம் இருக்குது. பூட்டு இல்லியா?” என்றார்கள். அரை மணி நேரம் பேசினோம். அப்பா போனதிலிருந்து அம்மா என்னிடம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியதே இல்லை.

மக்களே, காலை வணக்கம். பெட்டி கட்டியாகிவிட்டது, மறுபடியும் சிவப்புக் குழாயில் நிற்கிறேன். கிளம்புவதற்கு முன் உபயோகமாக ஒன்று. நியூயார்க் சுற்றிப்பார்க்க வருகிறீர்கள் என்றால் இங்கே தங்காதீர்கள், மன்ஹாட்டன் போக ஒரு மணி நேரம் பிடிக்கும், போய்வருகிற செலவும் உண்டு. ஆனால் கென்னடியில் நான்கைந்து மணி நேரக் காத்திருப்பு இருந்தால் அறை எடுக்காமலே வந்து கூடத்தையும் கானியையும் பார்க்கலாம், நுழைவுக் கட்டணம் இல்லை. திரும்பப் பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும், அந்த நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். பகலில் சில மணி நேரத்துக்கு மட்டும் அறை கொடுப்பதும் உண்டு. நீச்சல்குளத்துக்குக் கூட்ட நாட்களில் முன்பதிவு செய்துவிடுங்கள்.

இருங்கள், அம்மா கூப்பிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில்தான். ஸ்பீக்கரில் போடுகிறேன்.

“கண்ணு, நேத்து நீ பேசின நம்பருக்கு இப்பத் திருப்பிக் கூப்பிட்டேன். யாரோ ஒரு புள்ள இங்கிலீஷ்ல ஏரோப்ளேன் கம்பெனி பேரச் சொல்றா. நீ ஓட்டல்ல இருக்கறேன்னுதான சொன்ன?”