பிச்சாவரம்: மரம் போனதும் மண் இறங்கியது

(அலையாத்திக் காடுகள் குறித்துக் கடலூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

பிச்சாவரத்தில் படகேறியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். சுரபுன்னையின் தாங்குவேர்களுக்கு நடுவே படகு நுழையும்போது தலைக்கு மேல் பச்சைக் கூரை. எல்லோரும் படம் எடுப்பது அந்த இடத்தைத்தான். அந்தக் கூரைக்குப் பின்னால், வாய்க்காலை விட்டு உள்ளே தள்ளி, ஒரு காலத்தில் ஏக்கர் கணக்கில் வெட்டவெளி கிடந்தது. உமரிச் செடி மட்டும் அங்கங்கே சிவந்து நிற்கும். வெயில் காலத்தில் தரையில் உப்புப் பூத்திருக்கும். ஓரத்தில் காடு செழித்திருக்க, நடுவில் ஏன் செத்தது? இன்றைக்கு நான் பேச வந்தது இந்த ஒரு கேள்வியைத்தான்.

மாடு மேய்ந்தது, மக்கள் விறகு வெட்டினார்கள் என்று நெடுநாள் பழி அக்கம்பக்கத்துக் குப்பங்களின் மேலேயே இருந்தது. காரணம் வேறு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, வனத்துறையினரே காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையடித்தார்கள். வெட்டினால் தானே துளிர்க்கும் என்பது கணக்கு. மலைக்காட்டில் அது ஓரளவு பலிக்கும். இங்கே பலிக்கவில்லை.

சதுப்பு மண் பஞ்சு மாதிரி. பாதிக்குமேல் தண்ணீரும் மக்கிய வேரும்தான். நிழல் போனதும் வெயில் நேரே தரையில் விழுகிறது, ஈரம் ஆவியாகிறது, மண் சுருங்கி அமுங்குகிறது. வெட்டாத ஓரம் அதே மட்டத்தில் நிற்க, வெட்டிய நடுப்பகுதி தட்டுப்போலக் குழிந்துவிடுகிறது. கடல் நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். நம் கரையில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. பெரிய ஓதத்தில் உள்ளே புகுந்த தண்ணீர் வடிய வழியில்லாமல் குழியிலேயே நிற்கிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அந்தக் குழியின் மண்ணீரில் அதைப்போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ஏறும். உப்பை மிக அதிகம் தாங்கும் வெண்கண்டலும் அங்கே முளைக்காது. வெண்கண்டல் இலையைத் திருப்பிப் பாருங்கள்: வேர் உறிஞ்சிய உப்பை இலையே வெளியே தள்ளிப் பொடிப்பொடியாக ஒட்டவைத்திருக்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும். அப்படிப்பட்ட மரமே தோற்ற நிலம் அது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களோடு சேர்ந்து கையில் எடுத்த வழி மிக எளியது: தண்ணீர் வந்து போக வாய்க்கால் வெட்டுவது. மீன் முள் வடிவம் என்பார்கள். கடல் நீர் இயல்பாக வந்துபோகும் கழியிலிருந்து ஏறத்தாழ 45 பாகை சாய்வில் பெரிய வாய்க்கால். மேலகலம் இரண்டிலிருந்து மூன்று மீட்டர், அடியகலம் ஒரு மீட்டர், ஆழம் ஒரு மீட்டருக்குள். அதிலிருந்து 30 பாகையில் இருபுறமும் சிறு கிளைகள். கரை செங்குத்தாக இருக்கக் கூடாது, சரிவாக இருக்க வேண்டும். செங்குத்துக் கரை முதல் மழைக்கே சரிந்து வாயை அடைத்துவிடும். நேர்கோணத்தில் வெட்டினால் சந்திப்பில் வண்டல் படியும். சாய்வின் காரணம் அதுதான்.

நடவு அதற்குப் பிறகு. வடகிழக்கு மழை உப்பைக் கழுவி இறக்கும் நாட்களில், வாய்க்காலின் சரிவில், நடு உயரத்தில். அடியில் நட்டால் மூச்சுவேர் எழும்பும் முன்னே கன்று மூழ்கி அழுகும். மேட்டில் நட்டால் ஓதம் எட்டாது, கோடையில் கருகும். வெட்டிப் போட்ட மண்ணைத் தொடர்வரப்பாக விடுவதும் பெரிய தவறு. அந்த வரப்பே புது அணையாகிவிடும். இடைவெளி விட்டுத்தான் கொட்ட வேண்டும்.

மரம் நட ஆசைப்படும் இளைஞர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது. முதலில் நாற்றுப் பையை எடுக்காதீர்கள், அளவுகோல் எடுங்கள். வெட்டவெளியில் ஒன்று, கழியோரத்தில் ஒன்று என அளவு குறித்த குச்சிகளை ஊன்றுங்கள். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் இரண்டையும் பாருங்கள். கழியில் வடிந்த பிறகும் உள்ளே மறுநாள் வரை தண்ணீர் நின்றால் அது குழி. அங்கே நடும் ஒவ்வொரு கன்றும் சாகும். ஒரு முழம் தோண்டி, ஊறி வரும் நீரின் உப்பையும் அளந்துவிடுங்கள்.

மனிதர் செய்தது மட்டுமே முழுக்கதை இல்லை. கடலோர மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. பிச்சாவரத்துக் கழி கடலில் சேரும் சின்னவாய்க்கால் முகத்துவாரத்தில் மணல்திட்டு வளர்ந்தால் உள்ளே ஓதம் குறையும். 1934இல் மேட்டூர் அணை வந்தபின் கொள்ளிடத்தில் வெள்ள உபரி மட்டுமே வருகிறது. கான்சாகிப் வாய்க்கால், உப்பனாறு வழியாக வரும் நன்னீர்தான் பிச்சாவரத்துக்கு மிச்சம். நன்னீர் குறையக் குறைய வெண்கண்டல் பெருகி மற்றவை ஒதுங்குகின்றன. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரத்தைப் பார்க்கவே இன்று இந்தச் சதுப்புக்கு வர வேண்டியிருக்கிறது. அந்த மரத்தின் பாலைக் கண்ணில் படவிடாதீர்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது ஓர் ஆய்வு. அவை மேட்டிலும் கடலைவிட்டுத் தள்ளியும் இருந்தன, அதையும் கணக்கில் சேருங்கள் என்று மறுப்பு வந்தது. கடலை நேரே பார்த்த மணல்திட்டில் இருந்த எம்ஜிஆர் திட்டு என்ற மீனவர் குப்பம் அழிந்தது. காடு சுவர் இல்லை. அலையின் வேகத்தைத் தணிக்கும், அவ்வளவே. அந்த அளவுக்கே அது விலைமதிப்பற்றது.

இயற்கையின் ஓட்டத்தை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சாட்சி புதுச்சேரி. அங்கே அடைபட்டது தண்ணீர் இல்லை, மணல். அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் 1980களில் துறைமுகத் தடுப்புக் கற்கள் நீண்டதும் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரத்தின் கரை கரைந்தது. கல் கொட்டிக் காத்த இடத்துக்கு வடக்கே, அடுத்தடுத்த குப்பங்களுக்கு அரிப்பு நகர்ந்தது.

பிச்சாவரத்தில்தான் வாய்க்கால் வெட்டியாயிற்றே, இனி என்ன வேலை என்று கேட்பார்கள். ஒவ்வொரு மழையும் வண்டல் கொண்டு வரும். வாய் தூர்ந்த கிளையில் ஓதம் நின்றுவிடும், மறு கோடையில் உப்பு ஏறத் தொடங்கும். ஆகவே மழைக்கு முன், புரட்டாசிக்குள், ஒவ்வொரு கிளையின் வாயையும் மண்வெட்டியால் திறந்துவிட வேண்டும். மரம் மூடி நிழல் கட்டும் வரை ஆண்டுதோறும்.